பெயருக்கும் கோப்புக்கும் நடுவே

இணையத்தளம் ஒன்றின் நிரலில், ஒரு பக்கத்தைக் காட்ட வேண்டிய இடத்தில், பெரும்பாலும் ஒரு பெயர் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். எந்தக் கோப்புறையில் எந்தக் கோப்பு என்ற விவரம் அங்கே இருக்காது. ஜாங்கோ, ரெய்ல்ஸ், லாரவெல், ஸ்பிரிங் என்று எந்த ஃபிரேம்வொர்க்கை எடுத்தாலும் அது அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு, சில இடங்களில் தேடி, கிடைத்த டெம்ப்ளேட் கோப்பைப் படித்து, தரவை நிரப்பி, எச்டிஎம்எல்லாகத் திருப்பித் தருகிறது. கையேடுகள் இதற்கு ஒன்றிரண்டு பக்கங்களுக்கு மேல் ஒதுக்குவதில்லை. கோப்பைத் தேடி எடுப்பதில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் இந்தத் தேடலில் நடந்த மாற்றங்களையும் இதன் வழியே வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளையும் சேர்த்துப் பார்த்தால், தேடல் வரிசை என்பது ஓர் அதிகாரப் பங்கீடு என்பது தெரியவரும். ஒரு பெயர் எதைக் குறிக்கும் என்று முடிவு செய்யும் உரிமையை அது பகிர்ந்து கொடுக்கிறது. அந்த உரிமை நிரலை எழுதுபவருக்கும் தளத்தை நிறுவுபவருக்கும் தாராளமாக இருக்கலாம். தளத்துக்கு வருபவரின் கோரிக்கைக்கு அதில் பங்கு இருக்கக் கூடாது. ஒரே பெயருக்கு இரண்டு கோப்புகள் உரிமை கொண்டாடினால் ஃபிரேம்வொர்க் அதை மறைக்கவும் கூடாது. இவற்றில் முதலாவதை ஃபிரேம்வொர்க்குகள் அடிபட்டுக் கற்றுக்கொண்டுவிட்டன. இரண்டாவதில் இன்னும் தடுமாறுகின்றன.

ஜாங்கோவிலிருந்து தொடங்கலாம், அதன் தேடல் முறையில் அது பிறந்த இடத்தின் தேவை அப்படியே தெரிகிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் வெளிவரும் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு நாளிதழின் இணையப் பிரிவில் ஆட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இல் எழுதத் தொடங்கிய நிரல் அது. 2005-இல் பொதுவெளிக்கு வந்தது. அந்த நாளிதழ் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களை நடத்தியது. ஒரே செய்தி இரண்டு தளங்களில் இரண்டு தோற்றத்தில் வர வேண்டியிருந்தது. செய்தியைக் கையாளும் நிரல் பொதுவாகவும், டெம்ப்ளேட் தளத்துக்குத் தளம் வேறாகவும் இருப்பது அங்கே அன்றாடத் தேவை. இன்றைய ஜாங்கோவில் தேடல் வழக்கமாக இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில், தளத்தின் அமைப்புக் கோப்பில் குறிப்பிட்ட கோப்புறைகள், எழுதிய வரிசையில். அங்கே கிடைக்காவிட்டால், நிறுவப்பட்ட ஆப் எனப்படும் நிரல் பகுதி ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் 'டெம்ப்ளேட்ஸ்' கோப்புறை, ஆப்கள் பட்டியலிடப்பட்ட வரிசையில். முதலில் கிடைத்ததோடு தேடல் நின்றுவிடும். 2015-இல் வந்த 1.8 பதிப்பு, சிதறிக் கிடந்த அமைப்புகளை ஓரிடத்தில் சேர்த்து, ஜிஞ்சா போன்ற வேறு டெம்ப்ளேட் இயந்திரங்களுக்கும் இடம் கொடுத்தது. ஆனால் முந்தியது வெல்லும் என்ற விதியில் அது கை வைக்கவில்லை.

லாபமும் நட்டமும் அந்த விதியிலேயே இருக்கின்றன. ஜாங்கோவோடு வரும் நிர்வாகப் பக்கத்தின் தலைப்பை மாற்ற ஜாங்கோவின் நிரலைத் தொட வேண்டியதில்லை. அதே பெயரில் ஒரு கோப்பைத் தன் கோப்புறையில் வைத்தால் போதும், தேடல் அதைத்தான் முதலில் சந்திக்கும். நட்டமும் இதே வழியில்தான் வருகிறது. இரண்டு ஆப்களை எழுதிய இருவர், ஒருவரை ஒருவர் அறியாமல், ஆளுக்கொரு 'இண்டெக்ஸ்' டெம்ப்ளேட்டை வைத்திருப்பார்கள். வகுப்பில் இரண்டு செந்தில் இருக்கும்போது ஆசிரியர் இனிஷியல் சொல்லாமல் கூப்பிட்டால் முன் பெஞ்சில் இருப்பவன் எழுந்து நிற்பான். பின்னால் இன்னொருவன் இருப்பதே தெரியாமல் வருகைப்பதிவு முடிந்துவிடும். ஆகவேதான் ஜாங்கோவின் அதிகாரபூர்வப் பயிற்சிப் பாடம், ஆப்பின் 'டெம்ப்ளேட்ஸ்' கோப்புறைக்குள் அந்த ஆப்பின் பெயரிலேயே இன்னொரு கோப்புறை போடச் சொல்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு அது வீண் வேலையாகத் தோன்றும். உண்மையில் அது இனிஷியலைக் கையால் எழுதிச் சேர்ப்பது. ஃபிளாஸ்க் என்ற ஃபிரேம்வொர்க்கிலும் இதே கதைதான்: முதன்மைச் செயலியின் கோப்புறை முன்னால், புளூபிரிண்ட் எனப்படும் துணைப் பகுதிகளின் கோப்புறைகள் பின்னால், உட்கோப்புறை வைத்துக்கொள் என்ற அறிவுரை கையேட்டில். அறிவுரையைப் பின்பற்றாதவர்களைத் தடுக்க இரண்டிலும் எதுவும் இல்லை.

இவ்வளவு சுற்றுவானேன், தேடலே வேண்டாம், முழுப் பாதையை எழுதிவிட்டால் தீர்ந்தது என்பது நியாயமான ஆட்சேபம். கோ மொழியின் தரநிலை நூலகம் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கிறது. அங்கே தேடல் வரிசை கிடையாது. எந்தெந்தக் கோப்புகளைப் படிக்க வேண்டும் என்று நிரலாளரே சொல்ல வேண்டும். ஆனால் படித்த டெம்ப்ளேட்டுக்கு அது சூட்டும் பெயர் கோப்பின் கடைசிப் பெயர் மட்டும். கோப்புறையின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. வெவ்வேறு கோப்புறைகளில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் கடைசியாகப் படித்ததே நிற்கும் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. ஜாங்கோவில் முந்தியவர் வென்றார், இங்கே பிந்தியவர் வெல்கிறார். மோதல் அப்படியே இருக்கிறது. இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. ஒருவர் எழுதிய பேக்கேஜில் டெம்ப்ளேட்டின் பாதை கெட்டியாகப் பதிக்கப்பட்டிருந்தால், அதைப் பயன்படுத்துபவர் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றக்கூட அந்தப் பேக்கேஜ் முழுவதையும் நகலெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். நிரல் ஒருவருடையது, தோற்றம் இன்னொருவருடையது என்ற நிலை இருக்கும்வரை தேடல் தேவைப்படும்.

பெயரை இரண்டாகப் பிரிப்பது இதைவிடத் தெளிவான வழி. லாரவெல்லில் பேக்கேஜ் தனக்கென ஒரு பெயர்வெளியைப் பதிவு செய்துகொள்கிறது. டெம்ப்ளேட்டைக் கேட்கும்போது பேக்கேஜின் பெயர், இரட்டை முக்காற்புள்ளி, பிறகு டெம்ப்ளேட்டின் பெயர். அப்படிப் பதிவானதும் லாரவெல் இரண்டு இடங்களில் மட்டும் பார்க்கிறது: தளத்தின் டெம்ப்ளேட் கோப்புறையில் 'வெண்டர்' என்ற பகுதிக்குள் அந்தப் பேக்கேஜின் பெயரில் உள்ள இடம், அடுத்துப் பேக்கேஜின் சொந்தக் கோப்புறை. சிம்ஃபனி பயன்படுத்தும் ட்விக்கிலும் இதே அமைப்பு உண்டு. இரண்டு பேக்கேஜ்கள் தற்செயலாக மோதிக்கொள்ள இங்கே வழியில்லை. பேக்கேஜை மீறி எழுதுபவர் அதற்கென்று குறிக்கப்பட்ட இடத்தில் போய் எழுத வேண்டும், ஆகவே நோக்கம் வெளிப்படையாகிறது. எனக்கு இந்த முறையே மேல் என்று தோன்றுகிறது. ஆனாலும் அது தீர்க்காத ஒரு தொல்லை உண்டு. மீறி எழுதுபவர் வழக்கமாக மூலக் கோப்பை முழுவதும் நகலெடுத்து ஒரு வரியை மாற்றுகிறார். பேக்கேஜின் அடுத்த பதிப்பில் மூலக் கோப்பு திருத்தப்பட்டாலும் பழைய நகல்தான் முன்னால் நிற்கும். மூலக் கோப்பை முழுவதும் நகலெடுக்காமல் ஒரு பகுதியை மட்டும் மாற்ற முடிந்தால் இந்தத் தொல்லை குறையும். 2015 இறுதியில் வந்த ஜாங்கோ 1.9, ஒரு டெம்ப்ளேட் தன் பெயரையே கொண்ட, தேடல் வரிசையில் தனக்கு அடுத்திருக்கும் டெம்ப்ளேட்டை நீட்டித்துக்கொள்ள அனுமதித்தது. சிம்ஃபனியின் ட்விக்கில் பெயருக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டு, மீறி எழுதப்படாத மூலத்தைக் கேட்கலாம்.

தேடித் தோற்கும்போது ஃபிரேம்வொர்க்குகள் வாய் நிறையப் பேசுகின்றன. ரேஸர் டெம்ப்ளேட் இயந்திரம் அறிமுகமான 2011-இன் ஏஎஸ்பி.நெட் எம்விசி 3, ஒரு பெயர் கிடைக்காவிட்டால் தான் பார்த்த இடங்களை எல்லாம் பட்டியலிடும்: கன்ட்ரோலரின் கோப்புறை ஒன்று, பொதுக் கோப்புறை ஒன்று, ஒவ்வொன்றிலும் நான்கு வகைக் கோப்பு நீட்டிப்புகள், ஆக 8 இடங்கள். ஜாங்கோவின் பிழைப் பக்கமும், கோப்பைத் தேடி எடுக்கும் லோடர்களில் எது எந்தப் பாதையில் தேடியது என்று வரிசையாகக் காட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிடைக்காமல் போவது எளிய கோளாறு. பக்கம் உடனே உடையும், யாராவது பார்த்துச் சரிசெய்வார்கள். தவறான கோப்பு கிடைத்துவிடுவதுதான் சிக்கல். அப்போது பிழைச் செய்தி கிடையாது, பக்கம் அழகாகத் திறக்கிறது, உள்ளே இருப்பது வேறொன்று. இந்த இடத்தில் ஃபிளாஸ்க் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது: டெம்ப்ளேட் தேடலை விளக்கிச் சொல்லும் ஓர் அமைப்பை இயக்கினால், ஒவ்வொரு தேடலிலும் எந்த லோடரில் கிடைத்தது, எதில் கிடைக்கவில்லை என்று எழுதுவதோடு, ஒன்றுக்கு மேற்பட்ட லோடரில் கிடைத்திருந்தால் எச்சரிக்கையும் தருகிறது. அதற்காக முதல் வெற்றியோடு நிற்காமல் கடைசிவரை தேடுகிறது. ஆனால் அந்த அமைப்பு இயல்புநிலையில் அணைக்கப்பட்டிருக்கிறது. சந்தேகம் வந்தவர்கள்தான் அதைத் தேடிப் போய் இயக்குவார்கள்.

இதுவரை பெயரும் கோப்புறையும் மட்டுமே பேச்சு. ரெய்ல்ஸ் இன்னொரு படி போனது. டெம்ப்ளேட்டின் பெயரையே எழுத வேண்டாம், கன்ட்ரோலரின் பெயரிலிருந்து கோப்புறையையும் செயலின் பெயரிலிருந்து கோப்பையும் நானே ஊகிக்கிறேன் என்றது. கோப்பின் பெயருக்குள் மொழி, வடிவம், டெம்ப்ளேட் இயந்திரம் ஆகியவற்றைப் புள்ளிகளாலும், சாதன வகையைக் கூட்டல்குறியாலும் பிரித்து வைக்கலாம். வந்திருப்பவர் தமிழில் கேட்கிறாரா, கைபேசியில் பார்க்கிறாரா, எச்டிஎம்எல் வேண்டுமா ஜேசன் வேண்டுமா என்பதைப் பொறுத்து எந்தக் கோப்பு என்பது முடிவாகும். ஜாவா உலகின் ஃப்ரீமார்க்கரும் மொழி விஷயத்தில் இப்படித்தான்: இலங்கைத் தமிழுக்கான குறியீட்டோடு ஒரு பக்கத்தைக் கேட்டால், முதலில் அந்த நாட்டுக்குரிய கோப்பு, இல்லையென்றால் பொதுத் தமிழுக்குரிய கோப்பு, அதுவும் இல்லையென்றால் மொழிக் குறியீடு இல்லாத கோப்பு என்று படியிறங்கும். பல மொழிகளில் தளம் நடத்துபவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மொழியும் வடிவமும் பெரும்பாலும் கோரிக்கையோடு வருபவை. அவற்றை அனுப்புவது வெளியே இருக்கும் பிரௌசர். தேடலின் ஒரு நூல் முனை முன்பின் தெரியாதவர் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த முனையைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு நிகழ்வுகள் காட்டின. 2016 ஜனவரியில் சி.வி.இ-2016-0752 என்ற எண்ணில் ரெய்ல்ஸ் ஓர் ஓட்டையை அறிவித்து அடைத்தது. கோரிக்கையில் வரும் சொல்லை நிரலாளர் அப்படியே டெம்ப்ளேட் பெயராகக் கொடுத்திருந்தால், டெம்ப்ளேட் கோப்புறைக்கு வெளியே உள்ள கோப்புகளையும் ரெய்ல்ஸ் எடுத்துத் தந்துவிடும். தாக்குபவர் சர்வரின் லாக் கோப்பில் தன் நிரல் பதியும்படி ஒரு கோரிக்கை அனுப்பி, அடுத்து அந்த லாக் கோப்பையே டெம்ப்ளேட்டாகக் கேட்டால், அந்த நிரல் சர்வரில் ஓடவும் கூடும். இது ஃபிரேம்வொர்க்கின் குற்றமா, கோரிக்கையை நம்பிய நிரலாளரின் குற்றமா என்று அப்போது வாதிட இடமிருந்தது. 2019 மார்ச்சில் வந்த சி.வி.இ-2019-5418 அந்த வாதத்துக்கு இடம் வைக்கவில்லை. இந்த முறை நிரலாளர் காட்ட வேண்டிய கோப்பின் பாதையை நிலையாகவே எழுதியிருந்தார். கோரிக்கையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. ஆனால் வடிவம் என்ன என்பதை ரெய்ல்ஸ் கோரிக்கையின் 'அக்செப்ட்' வரியிலிருந்து தானாகவே எடுத்து, கோப்பைத் தேடும் வார்ப்புக்குள் செருகியது. அந்த வரியில் வடிவத்தின் பெயருக்குப் பதில் மேல்கோப்புறைக்குப் போகும் இரட்டைப் புள்ளிகளையும் ஒரு கோப்பின் பாதையையும் எழுதி, வார்ப்பின் மிச்சத்தைக் கெடுக்க வளைவு அடைப்புக்குறிகளைச் சேர்த்து அனுப்பினால், சர்வரில் உள்ள எந்தக் கோப்பின் உள்ளடக்கமும் திரையில் வந்துவிடும். பதிவு செய்யப்பட்ட வடிவங்களை மட்டுமே ஏற்பது என்பதே திருத்தம். திறந்து கிடந்த ஒரு சொல்லை மூடிய பட்டியலாக மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மற்ற ஃபிரேம்வொர்க்குகள் இதில் முன்னெச்சரிக்கையாக இருந்ததும் உண்டு. ஜிஞ்சாவின் கோப்பு லோடர், பெயரில் மேல்கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளி ஒரு பகுதியாக வந்தாலே அப்படி ஒரு டெம்ப்ளேட் இல்லை என்று சொல்லிவிடும். ஜாங்கோ, பாதையை இணைத்த பிறகு அது அனுமதித்த கோப்புறைக்கு உள்ளேதான் இருக்கிறதா என்று சரிபார்க்கிறது. தைம்லீஃப் என்ற டெம்ப்ளேட் இயந்திரத்தில் ஆபத்து வேறு வடிவம் எடுத்தது: டெம்ப்ளேட் பெயருக்குள்ளேயே கோவைகளை எழுத முடியும் என்பதால், கோரிக்கையின் சொல் பெயருக்குள் கலந்தால் கோப்பு கசிவதோடு நிற்காமல் நிரலே ஓடிவிட வாய்ப்புண்டு. கோப்புப் பாதையைக் காவல் காப்பது மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

தேடலின் செலவைப் பற்றிய ஆட்சேபத்துக்கு அதிக இடம் தேவையில்லை. இருபது ஆப் உள்ள தளத்தில் கடைசி ஆப்பின் டெம்ப்ளேட்டுக்கு இருபது இடம் தட்ட வேண்டும் என்பது உண்மைதான். கிடைத்ததைக் கேஷில் வைத்துக்கொண்டால் அந்தச் செலவு ஒரு முறையோடு போகும். 2017-இல் ஜாங்கோ 1.11 புரொடக்‌ஷனில் கேஷைத் தானாக இயக்கியது, 2022-இல் 4.1 அதை நிரல் எழுதும் சூழலுக்கும் விரித்தது. ஜிஞ்சா இயல்பாக 400 டெம்ப்ளேட் வரை வைத்துக்கொள்ளும். லாரவெல்லின் பிளேட் ஒவ்வொன்றையும் பிஎச்பி கோப்பாக மாற்றிச் சேமித்து, மூலத்தின் திருத்த நேரத்தோடு ஒப்பிடும். கேஷ் எழுப்பும் சுவாரசியமான கேள்வி வேகத்தைப் பற்றியதல்ல. அது எதை நினைவில் வைக்கிறது? ஜிஞ்சா, தான் எடுத்த கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்கிறது. வரிசையில் அதற்கு முந்திய கோப்புறையில் அதே பெயரில் புதிதாக ஒரு கோப்பு முளைத்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மீறி எழுதும் கோப்பை இன்று வைத்தால், ஏற்கெனவே கேஷில் ஏறிய பழையதே தொடர்ந்து வரும். சர்வரை மறுபடி தொடங்கும்போதுதான் புதியது வரும். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். தேடல் நடக்க வேண்டிய நேரம் தொடக்கம்தான் என்பதை ஜிஞ்சா ஒத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

தேடலைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எழுதும் கணினியும் ஓடும் சர்வரும் கோப்புப் பெயர்களை ஒரே மாதிரி நடத்துவதில்லை. விண்டோஸும், வழக்கமான அமைப்பில் மேக்கும், ஆங்கிலப் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். ஸ்பிரிங் பூட்டில், டெம்ப்ளேட் பெயரை ஒரு சாய்கோட்டோடு தொடங்கினால் எழுதும் இடத்தில் ஓடும், ஜார் கோப்பாகக் கட்டிய பிறகு கிடைக்காமல் போகும். கோரிக்கை வரும்போது தேடினால் இந்த வேறுபாடு யாரோ ஒருவரின் திரையில் வெடிக்கும். முன்கூட்டியே தேடினால் சர்வர் கிளம்பும்போதே தெரிந்துவிடும். எலிக்சரில் எழுதப்பட்ட ஃபீனிக்ஸ் இதன் எல்லைவரை போயிருக்கிறது: டெம்ப்ளேட்கள் தொகுக்கும்போதே ஃபங்ஷன்களாகிவிடுகின்றன, ஓடும்போது கோப்பு என்று ஒன்றே தேவையில்லை. 2021-இல் கோ 1.16 கோப்புகளை நிரலின் இருமக் கோப்புக்குள்ளேயே பதித்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. ஏஎஸ்பி.நெட் கோர் பாதி வழியில் நிற்கிறது. டெம்ப்ளேட்டின் உள்ளடக்கம் தொகுக்கும்போதே சரிபார்க்கப்படுகிறது, அதன் பெயரைத் தேடுவது மட்டும் கோரிக்கை வந்த பிறகு நடக்கிறது.

தொகுத்து மூடிவிட்டால் வேர்ட்பிரஸ் மாதிரியான அமைப்பு எப்படி வாழும் என்று கேட்பார்கள். அங்கே தீம் எனப்படும் தோற்றத் தொகுப்பை மாற்றுபவர் நிரலாளர் அல்லர். தளத்தின் உரிமையாளர் ஒரு மதிய நேரத்தில் மாற்றுவார். வகைப் பக்கம் ஒன்றைத் திறந்தால் அந்த வகையின் பெயருக்கான கோப்பு, எண்ணுக்கான கோப்பு, பொதுவான வகைக் கோப்பு, தொகுப்புக் கோப்பு, எதுவும் இல்லையென்றால் இண்டெக்ஸ் என்று வேர்ட்பிரஸ் படியிறங்கித் தேடுகிறது. ஒவ்வொரு படியிலும் குழந்தைத் தீம் முதலில், தாய்த் தீம் பிறகு. இந்த நெகிழ்வு இல்லாமல் வேர்ட்பிரஸ் இவ்வளவு பரவியிருக்காது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தீமின் கோப்புகள் மாறுவது அதை நிறுவும்போதும் திருத்தும்போதும்தான். பெயர்களின் பட்டியலை அந்த நேரத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, கோரிக்கையை அதிலிருந்து மட்டும் தெரிவு செய்ய விட்டால் உரிமையாளருக்கு எந்தச் சுதந்திரமும் குறையாது. தரவுத்தளத்தில் டெம்ப்ளேட்டை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பட்டியல் எங்கே இருக்கிறது என்பதுதான் அங்கே மாறும்.

மிஞ்சி நிற்பது ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் என்ற பழைய சிக்கல்தான். ஜாங்கோ 4.1, டெம்ப்ளேட்டில் பயன்படும் டேக் நூலகங்களில் ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருந்தால் தொடக்கச் சோதனையில் பிழையாகக் காட்டத் தொடங்கியது, 4.1.2-இல் அது எச்சரிக்கையாகத் தணிக்கப்பட்டது. டெம்ப்ளேட் கோப்புகளுக்கோ அப்படியொரு சோதனை இல்லை. தயக்கத்துக்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே: நிர்வாகப் பக்கத்தை மீறி எழுதியவரின் இரட்டைப் பெயர் வேண்டுமென்றே செய்தது, இரண்டு ஆப்களின் இண்டெக்ஸ் மோதல் தற்செயல், கோப்புகளை மட்டும் பார்க்கும் நிரலுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எல்லாவற்றுக்கும் எச்சரித்தால் யாரும் படிக்க மாட்டார்கள். லாரவெல்லின் 'வெண்டர்' கோப்புறை இந்தக் குழப்பத்துக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. மீறி எழுத ஒதுக்கப்பட்ட இடத்தில் இருப்பது நோக்கம், அதற்கு வெளியே நடப்பது விபத்து. ஜாங்கோவில் அதுபோல ஒரு கோப்புறையை மீறி எழுதுவதற்கென்று அமைப்புக் கோப்பில் அறிவிக்கச் செய்துவிட்டு, ஆப்களுக்கு இடையே நிகழும் மோதல்களை மட்டும் சர்வர் கிளம்பும்போது எச்சரிக்கலாம். அதற்கு வேண்டிய தேடல், கடைசிவரை போய் எண்ணிப் பார்க்கும் தேடல், ஃபிளாஸ்க்கில் அணைத்து வைக்கப்பட்ட அந்த அமைப்புக்குள் முன்பே எழுதப்பட்டிருக்கிறது.